அம்மா அட்டை

1

அம்மாவின் முதல் தெவசத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மகள் மதி இரண்டு தடவை அதில் இடறிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை.

நான் டொராண்டோவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். ஆசிரியர் இல்லை. ஆசிரியருக்குப் பக்கத்தில், முழங்கால் நெஞ்சில் இடிக்கிற சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். பதினாறு வருஷமாக இதே நாற்காலிதான். வேலையின் சாரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒன்றைச் செய்தால் பலன் கிடைக்கிறது என்றால் பிள்ளை அதை மறுபடி செய்யும். கிடைக்காது என்று தெரிந்தால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். மற்றதெல்லாம் இதற்கு மாட்டிவிட்ட கோட்டும் சூட்டும்.

வீட்டிலும் இந்த வித்தையைக் காட்டியிருக்கிறேன். மதிக்கு ஒன்பது வயதில், சாப்பிடும்போது தமிழ் பேசினால் பிரிட்ஜ் கதவில் ஒரு நட்சத்திரம், நூறு நட்சத்திரம் சேர்ந்தால் சைக்கிள் என்றேன். குழந்தை மணிமணியாகப் பேசியது. "அப்பா, ரசம் ரொம்ப நன்றாக உள்ளது" என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்லும். நூறாவது நட்சத்திரம் ஒட்டிய அன்று சைக்கிள் வந்தது. மறுநாள் ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது அவளுக்குப் பதினாறு வயது, எனக்குப் போனில் கட்டைவிரல் படம் அனுப்புகிறாள். சைக்கிள் கராஜில் நிற்கிறது.

இதை எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்வேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

2

ராயப்பேட்டையில் எங்கள் வீடு மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரம்மா. அப்பா எங்கள் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா தி.நகர் ஜாக்கெட் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கொக்கி வைத்துக் கொடுப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து நாளெல்லாம் கொக்கி. பிள்ளைகள் மூன்று பேர்: வசந்தா அக்கா, நான், என்னைவிட ஏழு வயது சின்னவன் பாபு.

பாபுவுக்குப் பேச்சு வரவில்லை. இதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அம்மா கண்மறைவாகப் போனால் அலறுவான். அவள் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினால் போதும், பீரோவை உள்ளங்கையால் அறைவான். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவனுக்காகத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். அடையாறில் ஒரு சிறப்புப் பள்ளியில் பயிற்சியில் இருந்தபோது, பாபுவுக்கு இருபது வயதில், அட்டை வேலையை ஆரம்பித்தேன்.

சீட்டுக்கட்டு அளவில் ஆறு அட்டைகள். தண்ணீர், பாத்ரூம், காராசேவு, டிவி, மொட்டைமாடி, அம்மா. ஐந்துக்கும் பத்திரிகையிலிருந்து படம் வெட்டினேன். அம்மாவுக்கு ரேஷன் கார்டு எடுக்கப் பிடித்த போட்டோவையே பெரிதாக்கி, லாமினேட் பண்ணி ஒட்டினேன். கண்ணை அகல விழித்து, போலீஸைப் பார்த்தவள்போல் இருப்பாள்.

அலறினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தால் அந்த நொடியே கேட்டது கிடைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்.

"அவன் உன் அட்டைய குட்த்தா நீ எங்க கீறியோ அப்டியே வரணும்மா. ஒருதரம் வராம வுட்டாலும் அது வெறும் காயிதம்தான்."

"ஏண்டா, குளிச்சிக்கினு இருந்தா?"

"குளிச்சிக்கினு இருந்தாலும்."

அம்மா அப்படியே வந்தாள். ஷாம்பு நுரையோடு வந்திருக்கிறாள், கொதிக்கிற பாலை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்து பக்கத்தில் உட்காருவாள். பாபு அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் அவனே எழுந்து போய்விடுவான். மூன்று மாதத்தில் அலறல் நின்றது. வீட்டுக்காரம்மா மேலே வந்து எனக்கு அல்வா கொடுத்துவிட்டுப் போனார். அல்வா என்றால் நிஜ அல்வா.

இருபது வருஷம் அம்மா ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

3

போன வருஷம் அம்மா காலையில் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்துவிட்டாள். அக்கா போன் பண்ணியபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அவசரமென்று விண்ணப்பித்தால் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் சான்றிதழ் கேட்கப் போனால், ரேஷன் கார்டில் ராஜகாந்தம், ஆதாரில் ராஜகாந்தா, இரண்டும் ஒருவர்தான் என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அக்கா அலைந்து வாங்கி அனுப்பியபோது பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. பிறகு அவசரம் என்று எதைச் சொல்வது?

அம்மாவை எடுத்ததை பள்ளி வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்து போனில் பார்த்தேன். யாரோ போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தப்பட்டைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு மணி அடித்தது. உள்ளே போய்ச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விஷயம் தெரிந்து என் மேலதிகாரி வந்து வருத்தம் தெரிவித்தார். நல்ல மனுஷி. நான் "நோ ப்ராப்ளம்" என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அழுகை வருமென்று ஒரு வாரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் நின்றதுபோல் இருந்தது. இன்றுவரை இறங்கவில்லை.

4

அக்கா புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அம்மா போனதும் அவள்தான் பெரம்பூரிலிருந்து வந்து பாபுவோடு தங்கினாள். காரியம் முடிந்து இரண்டாவது வாரம் போன் பண்ணி அழுதாள்.

"அந்த அட்டைய குட்த்துக்கினே கீறான் சேகரு. நான் இன்னாடா பண்ணுவேன்? எங்கேர்ந்து கூட்டியாருவேன்? இல்லன்னா பீரோவ போட்டு அடிக்கிறான். வீட்டுக்காரம்மா காலி பண்ண சொல்லிட்டாங்கடா."

மற்றவர்கள் இதற்கு அழுதிருப்பார்கள். நான் திட்டம் போட்டுக் கொடுத்தேன். அட்டையைக் கொடுத்தால் முகத்தைப் பார்க்காதே, பேசாதே. அட்டையை எடுத்து அது இருந்த இடத்திலேயே வை. பத்து எண்ணுகிற வரைக்கும் அவன் அமைதியாக இருந்தால் காராசேவு கொடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டான் என்பதை அன்றைய காலண்டர் தாளின் பின்னால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. கூடவே ஒன்று சொன்னேன். ஒரு வருஷத்துக்குள் இது அடங்காவிட்டால், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது, பாபுவை அங்கே சேர்த்துவிடலாம். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு யோசனையாகத்தான் பட்டது.

தினமும் பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் காரிலிருந்து பேசுவேன். அங்கே மாலை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று அக்கா மாடிப்படியில் நின்று பேசுவாள். அதனால் பாபுவைப் பார்த்ததில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன். முதல் வாரம் முப்பத்தொன்று, நாற்பத்துநாலு, அறுபது. பயப்படாதே என்றேன். பலன் நின்றால் முதலில் ஏறும், ஏறித்தான் இறங்கும், நடுவில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும் எல்லாம் பாழ். எப்போதாவது பலன் கிடைத்த பழக்கம்தான் போக நாளாகும், இருபது வருஷம் தவறாமல் கிடைத்தது நின்றால் சீக்கிரமே போய்விடும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அம்மா ஒரு தடவைகூடத் தவறவில்லை என்பது எனக்கு ஒரு வசதியாகத் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நான் சொன்னபடியே இறங்கியது. ஐம்பத்திரண்டு, நாற்பது, இருபத்தெட்டு. மூன்றாம் மாதம் ஒற்றை இலக்கம். பிறகு இரண்டு, மூன்று, இரண்டு. கோடு போட்டுப் பார்த்தால் பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல் இருந்தது. மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் பாராட்டிவிட்டு, சரிபார்க்க இரண்டாவதாக எண்ணுபவர் யார் என்று கேட்டார். எங்கள் தொழிலில் ஒருவர் எண்ணியதை இன்னொருவரும் தனியாக எண்ண வேண்டும். என் சொந்த அக்கா என்று சொல்லிச் சிரித்தேன்.

5

தெவசத்துக்கு முதல் நாள் காலையில் போய் இறங்கினேன். மதி பரீட்சை என்று வரவில்லை. பாபு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பெட்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அக்கா காபியை என் கையில் கொடுத்த நேரம், அவன் எழுந்து போய் ஆணியில் தொங்கிய பையிலிருந்து அம்மா அட்டையை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அட்டையை வாங்கி, பைக்குள் வைத்தாள். நான் எழுதிக்கொடுத்த திட்டம், எழுத்துக்கு எழுத்து.

பாபு அவளையே பார்த்தான். போய் மறுபடி எடுத்துவந்து நீட்டினான். அவள் மறுபடி உள்ளே வைத்தாள். அவன் ஒரு கையால் அவள் முந்தானையைப் பிடிக்கப் போனான், அவள் விலகினாள். அவன் பீரோவிடம் போய் ஓங்கி அறைந்தான்.

பதினாறு வருஷம் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பார்வை தெரியும். பத்து மாதமாகப் பலன் கிடைக்காதவன் அப்படிப் பார்க்க மாட்டான். நேற்றுவரைக்கும் கிடைத்தது இன்றைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறவன்தான் அப்படிப் பார்ப்பான். நான் எண்ண ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் பத்தொன்பது. காலண்டர் ஆணியில் நேற்றைய தாள் செருகியிருந்தது. பின்னால் அக்காவின் கையெழுத்தில் இரண்டு.

அக்கா தரையில் உட்கார்ந்து மறுநாள் படையலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நேத்து நெஜமா எத்தினி?"

வாழைக்காயை முழுதாகச் சீவி முடித்தாள்.

"நான் எண்ணலடா."

"எப்பேர்ந்து எண்ணல?"

"எட்டு நாளு நீ சொன்னா மாரியே செஞ்சேன். ஒம்பதாம் நாளு கை வீங்கிப் போச்சிடா அவனுக்கு. ஊதா கலர்ல. அதுக்கப்பறமும் அந்தக் கையாலயே அட்டைய எட்த்துக்கினு வரான். இன்னா ஆனாலும் ஆவட்டும்னு வாங்கிக்கினேன். ஜன்னலாண்ட அம்மா ஒக்கார்ற எடத்துல போயி ஒக்காந்தேன். முந்தானைய புட்ச்சிக்கினு ஒரு நிமிசம் ஒக்காந்தான். எந்திரிச்சி போய்ட்டான். அவ்ளோதான். அன்னிக்கோட பீரோவ அடிக்கறது நின்னுச்சி. பத்து மாசம் ஆவுது. இன்னிக்கி நீ வந்தப்பறம்தான் அடிக்கிறான்."

வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னதை விட்டுவிட்டார் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். என் திட்டத்தால் என்று நினைத்து, அந்த வாரம் பள்ளியில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா ஹோம்ல கொண்ட்டு போயி வுட்டுடுவ." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். அடுத்த வாழைக்காயை எடுத்துக்கொண்டு, "அது மட்டும் இல்லடா" என்றாள்.

"பின்ன?"

"அறுவதுன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கி நீ இன்னா சொன்ன? நடுவுல வுட்டியா, வுட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொன்ன. போன வெச்சிட்ட. மறுநாளு அவன் கையி வீங்கி, நான் அட்டைய வாங்கிக்கினு, உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு பயந்துக்கினு அம்பத்திரண்டுன்னு வாயிக்கு வந்தத சொன்னேன். சூப்பருக்கான்னு சொன்ன. அப்பறம் சாப்ட்டியாக்கான்னு கேட்ட."

கத்தியை வாழைக்காய் மேல் வைத்துவிட்டாள்.

"அம்மா போனதுக்கப்பறம் சாப்ட்டியான்னு என்னைய யாரும் கேக்கலடா சேகரு. அந்த மனுசன் போயி ஆறு வருசம். பொண்ணு அதும் புள்ளைங்களோட அல்லாடிக்கினு கீது. நீ அன்னிக்கிதான் கேட்ட. மறுநாளு நாப்பதுன்னு போட்டேன். அன்னிக்கும் கேட்ட. சீரகம் போட்டு ரசம் வெச்சேன்னு சொன்னேன், எவ்ளோ நேரம் பேசின தெரியுமா? கம்மியா சொன்னா நல்லா பேசற நீ. ஜாஸ்தியா சொன்னா மணி அட்ச்சிடும் உனுக்கு."

பாபுவைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு, அந்தக் காருக்குள் உட்கார்ந்து நான் பத்து மாதமாகப் பழக்கியது என் அக்காவை. பலன் வேறொன்றுமில்லை, சாப்பிட்டாயா என்ற ஒரு வார்த்தை. அதையும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். வேலையில் ஒரு குழந்தைக்கு அரை பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுப்பதற்கு முன்னால்கூட இரண்டு பேர் கலந்து பேசுவோம்.

இந்த இடத்தில் அழுதேன் என்று எழுதினால் வாசிக்கிற உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். அழவில்லை. கை கால் எல்லாம் யாருடையதோ போல் இருந்தது. "பாபுவை எங்கேயும் அனுப்ப மாட்டேன்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு வாழைக்காயை எடுத்துக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

6

மறுநாள் படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்க அக்கா மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் பாபுவும் மட்டும். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அட்டையை என்னிடம் கொண்டுவந்தான். நான் வாங்கிக்கொண்டேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தானையைத் தேடி அவன் கை என் இடுப்பில், தோளில் தடவியது. சட்டை நுனியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். பார்த்துவிட்டு விட்டுவிட்டான். என் கையிலிருந்து அட்டையை உருவிக்கொண்டு படியேறி அக்காவைத் தேடிப் போனான்.

மேலே அக்காவின் குரல் கேட்டது. "வா நைனா, வா. அம்மா இல்லடா. நான்தான் கீறேன். இந்தா."

நான் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பலகை இடுக்கில் கொக்கி ஒன்று கிடந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

7

திரும்பி வந்ததும் திட்டத்தை அழித்தேன். கோடு போட்ட தாள்களையும் அழித்தேன். மேலதிகாரியிடம் அந்த எண்கள் பொய் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார், அதை இங்கிலீஷில் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டேன். மதியிடம் தமிழில் முழுதாகச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "பாவம் அத்தை" என்றாள். இரண்டு வார்த்தை, நட்சத்திரம் கேட்காமல்.

இனி எண்ணிக்கையே வேண்டாம், எழுதவும் வேண்டாம், காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடு என்று அக்காவிடம் விமான நிலையத்திலேயே சொல்லியிருந்தேன். சரி சரி என்றாள். வந்த முதல் திங்கட்கிழமை காலையில் வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினேன். கண்ணாடியெல்லாம் பனி. மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது, வேண்டுமென்றே சீக்கிரம் வந்திருந்தேன். போன் எடுத்த சத்தம் கேட்டதும், வேறெதுவும் பேசாமல் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"சாப்ட்டியாக்கா?"

அவசர அவசரமாக, மூச்சு வாங்க அக்கா சொன்னாள்.

"ரெண்டுதாண்டா. இன்னிக்கி ரெண்டே ரெண்டு."